முள் போட்ட வழி

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
1935, தை 9

அன்புள்ள அர்த்தனாரி அண்ணனுக்குத் தங்கை அத்தாயி வணங்கி எழுதுவது. நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். அத்தைக்கு இந்தக் குளிரில் மூட்டுவலி கூடியிருக்கிறது. பெங்களூரிலும் குளிர் என்று கேள்வி. குதிரைகளோடு லாயத்தில் படுக்காமல் வீட்டுக்குள் படுங்கள்.

இந்தத் தடவை உங்கள் தொழிலைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். சிரிக்காதீர்கள். என்னிடம் ஒரு குதிரை இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை ஐப்பசியில் மிளகுப் பொதி ஏற்றிக்கொண்டு புளியஞ்சோலைக்கு இறங்கினாரே, அந்த மட்டக்குதிரைதான். மறுநாள் அந்தியில், கொட்டுகிற மழையில், பொதி இல்லாமல் வெறும் பொதிக்கயிறோடு, வாயில் நுரையோடு அது மட்டும் ஊருக்குள் ஓடி வந்து, யார் கைக்கும் சிக்காமல் காட்டுக்குள் போய்விட்டது என்று முன்னமே எழுதியிருந்தேன். போன வாரம் விறகுக்குப் போன மாதன் அதைச் சேற்றுப் பள்ளத்தில் பார்த்தான். பொதிக்கயிறு வயிற்றுச் சதைக்குள் புதைந்து கிடந்தது. கல்லெறிந்து கொல்லலாம் என்றார்கள். நான் போய்க் குறுக்கே நின்றேன். குதிரைக்குச் சொந்தக்காரரான புளியஞ்சோலை மிளகு வியாபாரிக்கு ஆள் அனுப்பினேன். பேய்க்குதிரை, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது நம் பழைய ஆட்டுப்பட்டியில் நிற்கிறது. கிட்டே போனால் உதைக்கிறது.

ஆள் இல்லாமல் குதிரை வந்ததுமே அவர் செத்தார் என்று முடிவுகட்டிவிட்டார்கள். காட்டில் துர்ச்சாவு செத்தவன் போன வழியாகவே வீடு தேடி வருவான் என்பார்கள் இங்கே. அன்றைக்கே வழியை மறித்து இலந்தை முள் போட்டார்கள். பெற்றவள் கையால் தொடங்க வேண்டுமாம். அத்தைதான் முதல் கொப்பைப் போட்டார். முள் போட்ட வழியில் வருஷம் திரும்பும்வரை யாரும் கால் வைக்கக் கூடாது. அவர் என்னைத் தேடி வந்துவிடுவார் என்று என்னை எட்டு நாள் ஊரின் மேல்கோடித் தெருவான மேல்வளவில் பங்காளி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஆண்கள் சேந்தமங்கலம் பக்கம் இறங்கி, மலையைச் சுற்றிப் புளியஞ்சோலை போய்க் கேட்டார்கள். அவர் அங்கே வரவே இல்லை என்றார் வியாபாரி. அன்றிலிருந்து மிளகைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட்டார் என்று பேச்சு. செத்தான் என்று முள் போட்டவர்களே ஓடினான் என்றும் பேசுகிறார்கள்.

கருமாதி செய்ய உடம்பு இல்லை. பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. அவர் திருடர் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எங்கே விழுந்தார் என்று இந்தக் குதிரைக்குத் தெரியும். அது என்னை நம்ப வேண்டும் அண்ணா. அதற்கு என்ன செய்ய?

தங்கை,
அத்தாயி


பெங்களூர் கண்டோன்மென்ட்
தை 24

தங்கை அத்தாயிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் நலம். ஒரு கிழட்டுக் குதிரை மிதித்து வலது கால் கட்டைவிரல் நகம் போயிற்று, இப்போது முளைத்துவிட்டது. அத்தைக்கு நொச்சித்தழை ஒத்தடம் கொடு.

லீவு கேட்டேன். சித்திரைக்கு முன்னால் பேச்சே கிடையாது என்று துரை சொல்லிவிட்டார். ஆகவே கடிதத்தில்தான் குதிரை பழக்கியாக வேண்டும். பட்டாளத்தில் இத்தனை வருஷம் லத்தி அள்ளியவன் சொல்கிறேன், கேள்.

முதலில் அதைப் பிடிக்க நினைக்காதே. புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார். உன் வேலையைப் பார். கண்ணுக்குக் கண் பார்க்காதே. வேட்டை மிருகம்தான் அப்படிப் பார்க்கும். அது கிட்டே வந்தாலும் கையைத் தூக்காதே, அடி வாங்கிய குதிரைக்குக் கை என்றாலே அடிதான். உள்ளங்கையில் உப்பு வைத்துத் தாழ்வாக நீட்டு. தொடுவதானால் தோளைத் தொடு, தலையைத் தொடாதே. மூக்கை உன் முகத்தருகே கொண்டுவந்தால் பதறாமல் நீயும் மெல்ல மூச்சு விடு. அவை ஒன்றையொன்று கும்பிடுவது அப்படித்தான்.

கயிற்றைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. நாலு பேர் அமுக்கிப் பிடித்து அறுத்தால் குதிரை பிழைக்கும், உன்னை நம்பாது. புண்ணில் புழு இல்லையென்றால் பொறு. விளக்கெண்ணெயும் மஞ்சளும் குச்சியில் சுற்றிய துணியால் தொட்டு வை.

ஒன்று மட்டும் மனதில் வை. குதிரை நாய் இல்லை. பயந்த இடத்தை விட்டு ஓடத்தான் பார்க்கும், அங்கே உன்னைக் கூட்டிப்போகாது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

அண்ணன்,
அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
மாசி 14

அண்ணனுக்கு அத்தாயியின் வணக்கம். நகம் முளைத்த சங்கதி கேட்டு நிம்மதி. நொச்சி ஒத்தடம் அத்தைக்குப் பிடிக்கவில்லை. நான் வைத்தால் மட்டும் சுடுகிறதாம்.

நீங்கள் சொன்னபடி பட்டிக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாமை புடைத்தேன். ஊர்ப் பெண்கள் வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இவளுக்கும் புடிச்சுக்கிச்சு" என்று என் காதுபடவே பேசினார்கள். நாள் நாளாகப் புடைத்தேன். ஊரில் யார் வீட்டுச் சாமையும் இவ்வளவு சுத்தமாக இருக்காது. ஒருநாள் என் தோளுக்கு மேலாக ஒரு மூக்கு வந்து முறத்துக்குள் நுழைந்தது. தவிடு பறந்து, அது பெரிதாகத் தும்மியது. சிரித்துவிட்டேன் அண்ணா. ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன், கூடவே அழுகையும் வந்துவிட்டது.

கயிற்றை ஒரே தடவையில் அறுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஓரிரு புரி. கடைசிப் புரி அறுந்தபோது என் மேல் சாய்ந்து நின்றது. வயிற்றுப் புண் ஆறி வருகிறது. மார்பிலும் கீறல் கீறலாக வடு இருக்கிறது. சிறுத்தை என்கிறான் மாதன். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஆனால் அந்தி நேரம் நன்றாக இல்லை. புளியஞ்சோலைப் பக்கமிருந்து பனி ஏறி வரும்போது குதிரை அந்தப் பக்கமாகத் திரும்பி, காதை நிமிர்த்தி, ஒரு கனைப்புக் கனைக்கிறது. பிறகு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல நிற்கிறது. முள்ளுக்கு அந்தப் பக்கமிருந்து எது கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக் கூடாது என்பது இங்கே கட்டளை. குதிரை தினமும் பதில் கொடுக்கிறது. ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது. அத்தை உரலுக்குப் போய்விடுகிறார். குத்த ஒன்றும் இல்லாத அன்று வெறும் உரலைக் குத்துகிறார். நிறுத்தச் சொன்னால் காதில் வாங்குவதில்லை.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர் அவர்தான் என்றால் எதற்குப் பயப்பட வேண்டும் என்றும் தோன்றுகிறது.

அத்தாயி


பெங்களூர்
மாசி 29

அன்புத் தங்கைக்கு. நலம், நலமே விழைகிறேன். உன் குதிரை தும்மிய கதையை லாயத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே ஆறு மாதம் பழகிய குதிரைகள்கூட என் முறத்தில் மூக்கை வைத்ததில்லை. என்னிடம் முறம் இல்லை என்பது வேறு விஷயம்.

இனி நூல்கயிறு ஒன்றைக் கழுத்தில் தளர்த்தியாகப் போட்டுக் கூட நட. நீ முன்னால் போகாதே, தோளுக்குத் தோள் நட. பிறகு வெறும் கோணியை முதுகில் வை. உதறினால் எடுத்துவிடு, மறுநாள் மறுபடி வை. நடுவழியில் நின்றுவிட்டால் இழுக்காதே, அடிக்காதே. அதோடு நில். அது பார்க்கிற பக்கம் நீயும் பார். பயத்தில் தான் தனியாக இல்லை என்று அதற்குத் தெரிந்தால் போதும், மற்றது தானாக வரும்.

பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. குதிரைக் காது நம் காதை விட நல்ல காது. மலையடியில் மாட்டுமணி அடித்தாலும் அதற்குக் கேட்கும். இப்படி எழுதிவிட்டு நேற்று அந்தியில் நானும் லாயத்து வாசலில் காது கொடுத்து நின்றேன். நீ எழுதியது என்னை விடமாட்டேன் என்கிறது. அத்தைக்கு என்னவோ இருக்கிறது, அவரைத் தனியாக விடாதே.

அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
பங்குனி 11

அண்ணனுக்கு வணக்கம். நாங்கள் இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். குதிரையைச் சேர்த்தால் மூவர்.

கூடவே நடக்கிறது. ஆனால் முதுகில் மட்டும் எதையும் வைக்க விடுவதில்லை. வெறும் கோணியை வைத்தாலே உடம்பெல்லாம் நடுங்கி உதறித் தள்ளுகிறது. கொழுந்தன் அப்பாசாமி வந்து, "அண்ணீ, அந்தச் சனியன வெரட்டி உட்ருங்க. நோம்பி முடிஞ்சும் இங்கயே நின்னுச்சுன்னா ஊருக்காரங்க அடிச்சே கொன்னுபுடுவாங்க" என்றார். ஊர்க்கவுண்டர் சொல்லியனுப்பியதாம். கோயில் நோம்பிக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

நீங்கள் எழுதியது ஒன்று தப்பாகிவிட்டது. பயந்த இடத்தை விட்டு ஓடும் என்றீர்கள். நேற்று மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனபோது அதுவே திரும்பி, புளியஞ்சோலை வழியில் நடந்து, முள்வேலியில் மார்பு முட்டுகிற மாதிரி போய் நின்றது. வேர்த்துக் கொட்டியது. நான் இழுக்கவில்லை. அதோடு நின்றேன், அது பார்த்த பக்கம் பார்த்தேன். பனி, புதர், ஒரு பாறை. வேறு ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் எங்கே போய் வந்தோம் என்று அத்தை கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அத்தை சோற்றில் கை வைக்கவில்லை.

அத்தாயி


பெங்களூர்
பங்குனி 19

அத்தாயிக்கு. நலம். சுருக்கமாக எழுதுகிறேன், தபால் கட்டுகிற நேரம்.

அது தானாகப் போய் நிற்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. குதிரை அப்படி ஓர் இடத்துக்குத் திரும்பிப் போவதை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதை இப்போது எழுத வேண்டாம். முள்ளைத் தாண்டாதே. சித்திரை பிறந்ததும் வருகிறேன். பார்க்க வேண்டியது எதுவாக இருந்தாலும் நீ தனியாகப் பார்க்க வேண்டாம் கண்ணு.

அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
சித்திரை 12

அண்ணனுக்கு. அனைவரும் நலம்.

உங்கள் மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். வழுக்குப்பாறைப் பள்ளத்தில், மிளகு மூட்டைக்குப் பக்கத்தில். விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அரைஞாணை வைத்து அத்தை அடையாளம் சொன்னார். கருமாதி முடிந்தது. ஓடிப்போனான் என்றவர்கள் வந்து அழுதார்கள். முள்ளைத் தாண்டியதற்கு என்னைத் தலைமுழுகச் சொன்னார்கள், முழுகினேன். குதிரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊர் சொல்லிவிட்டது.

நீங்கள் வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தாயி


பெங்களூர்
வைகாசி 5

அன்புத் தங்கை அத்தாயிக்கு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான். லீவு கைக்கு வந்த அன்று லாயத்தில் குதிரைகளுக்குச் சளிநோய் கண்டு எல்லோர் லீவையும் நிறுத்திவிட்டார்கள். வந்து உன் பக்கத்தில் நிற்க முடியவில்லையே என்று இருக்கிறது. சென்றாயன் போல ஒரு மாப்பிள்ளை இனி நம் வீட்டுக்கு வரப்போவதில்லை. அவர் பெயர் மீண்டதே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இதைக் கேட்காமல் இருக்கலாம். கேட்காமல் தூக்கம் வரவில்லை. வழுக்குப்பாறை முள்வேலியிலிருந்து வெகு தூரம் கீழே. அங்கே விழுந்து அங்கேயே போனவருக்காகக் குதிரை ஏன் முள்வேலியில் வந்து நிற்க வேண்டும்? தும்மலுக்கு ஒரு பக்கம் எழுதியவள், புருஷன் கிடைத்ததை இவ்வளவு சின்னதாக எழுதியிருக்கிறாய். நீ என்ன பார்த்தாய் கண்ணு?

அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
ஆனி 3

அண்ணனுக்கு அத்தாயி. நலம் கேட்டு எழுத இன்று கை வரவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

நோம்பியன்று ஊர் முழுக்கக் கோயிலுக்குப் போயிருந்தது, அத்தையும் போயிருந்தார். பட்டப்பகல். முள்ளை விலக்கினேன். குதிரை உள்ளே நாலெட்டு வைத்து நின்றுவிட்டது. அதோடு நின்றேன். அது தலையைத் தாழ்த்திப் பாறையோரப் புதருக்குள் மூக்கை நீட்டி மெல்ல மூச்சு விட்டது. அவற்றின் கும்பிடு என்றீர்களே, அப்படி.

அவர் அங்கே இருந்தார். கையை நீட்டினால் முள்ளைத் தொடுகிற தூரத்தில். நான் முன்னொரு நாள் நின்று ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினேனே, அதற்கு நேர் கீழே. ஒடிந்த காலுக்கு இரண்டு பக்கமும் குச்சி வைத்துத் துண்டால் கட்டியிருந்தது. அவ்வளவு ஏற்றத்தையும் அந்தக் காலோடு ஊர்ந்தே வந்திருக்கிறார். வேட்டிக் கிழிசல் முள்ளில் கீழ்ப்பக்கமாகத் தொங்கியது. சுற்றிலும் காய்ந்துபோன லத்தி. காட்டுக்குள் ஓடிய குதிரை அவரிடம் திரும்பி வந்திருக்கிறது. மார்பில் இருந்த வடு அந்த முள் கிழித்ததுதான்.

அங்கிருந்து பார்த்தால் நம் வீட்டுக் கூரை தெரிகிறது அண்ணா. கூப்பிடு தூரம். அவர் கூப்பிட்டிருப்பார். பதில் கொடுக்கக்கூடிய ஒருத்தி நான், என்னை மேல்வளவில் அடைத்து வைத்திருந்தார்கள்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. முதல் கொப்பைப் போட்ட கை நினைவுக்கு வந்தது. இந்த இடத்தை அத்தை பார்க்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. இருந்ததையெல்லாம் அவருடைய கம்பளியில் கட்டினேன். அந்த வழியில் கால் வழுக்கி விழுகிற இடம் வழுக்குப்பாறைதான், ஆனால் தூக்கிக்கொண்டு அந்தப் பள்ளம் இறங்க என்னால் ஆகாது. வெறும் கோணியை உதறுகிற குதிரை. தோளில் கை வைத்து, "அவருதான். கூட்டிக்கிட்டுப் போலாம், வா சாமி" என்றேன். முதுகில் வைத்தேன். தோல் மட்டும் சிலிர்த்தது, கால் அசையவில்லை. வழுக்குப்பாறை வரைக்கும் ஒரு கல் சரியாமல் பார்த்துப் பார்த்து இறங்கியது. நினைத்தபடியே மிளகு மூட்டை அங்கே கிடந்தது, அதற்குப் பக்கத்தில் அவரைப் படுக்க வைத்தேன். குச்சியையும் துண்டையும் வேறு இடத்தில் புதைத்தேன். திரும்பி வந்து முள்ளை முன்போலவே போட்டுவிட்டு, கோயிலுக்குப் போய்ச் சொன்னேன்.

பெற்றவளைக் காப்பாற்றவே செய்தேன். ஆனால் வீட்டுக்கு வர அவர் பட்ட பாடு அத்தனையையும் என் கையாலேயே இல்லாமல் செய்துவிட்டேன். அதுதான் ஆறவில்லை.

அத்தாயி


பெங்களூர்
ஆனி 21

கண்ணு அத்தாயி, படித்தேன். குதிரைகளுக்கு நடுவில் போய் நின்று அழுதேன். அங்கே அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நீ செய்தது சரி. என் மாப்பிள்ளை இருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார். அத்தையிடம் ஒருபோதும் சொல்லாதே. வயதானவர், தாங்கமாட்டார். உன் குதிரை செய்ததை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. குதிரையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன்.

அண்ணன்,
அர்த்தனாரி


திண்ணனூர் நாடு
ஐப்பசி 28

அண்ணனுக்கு அத்தாயி வணங்கி எழுதுவது. இங்கே நல்ல மழை. நீங்கள் வந்துபோனது தெம்பாக இருக்கிறது. இது நீங்கள் கிளம்பிய பிறகு நடந்தது.

வருஷம் திரும்பிவிட்டது என்று நேற்று முள்ளை எடுத்தார்கள். போட்ட கைதான் எடுக்க வேண்டும். அத்தை ஒவ்வொரு கொப்பாக எடுத்து வைத்தார். எல்லோரும் கலைந்து போன பிறகு, "அந்தக் குதிரயப் புடிச்சுக்கிட்டு வா கண்ணு" என்றார். இத்தனை மாதத்தில் அத்தை அதன் பக்கம் திரும்பியதுகூட இல்லை. கூட்டிப்போனேன். வழக்கம்போல நாலெட்டு வைத்து அந்தப் பாறையோரம் நின்றுவிட்டது. முள் கிழித்த இடம், பயம் இன்னும் போகவில்லை என்று நானாகவே சொன்னேன்.

அத்தை குதிரையின் தோளில் கையை வைத்துக்கொண்டு பாறையையே பார்த்தார். பிறகு என்னிடமா குதிரையிடமா என்று தெரியாமல் பேசினார்.

"ஆத்தான்னு கூப்புட்டான். முள்ளு போட்ட நாலாம் நாளு, மசமசன்னு இருட்டற நேரம். நெல்லுக் குத்திக்கிட்டு இருந்தேன். மறுக்கா ஒருக்காக் கூப்புட்டான். செத்தவங்க ரண்டு தடவைக்கு மேல கூப்புட மாட்டாங்க, உசுரோட இருக்கறவந்தான் மூணாவதும் கூப்புடுவான்னு எங்காத்தா சொல்லுவா. மூணாவதும் கூப்புட்டா ஓடிப்போயி முள்ள அள்ளி வீசிப்போடலாம்னு காதக் குடுத்துக்கிட்டு நின்னேன். மூணாவதா இந்தக் குதிரதான் கனச்சுது."